யோகம் அக்கா மடித்த பாராசூட்

இத்தாலியின் பலெர்மோ நகரை ஒட்டிய ஸ்ஃபெர்ராகவால்லோ. கடலோரச் சாப்பாட்டுக் கடை முற்றத்தில், அங்கே வேலை செய்யும் யாழ்ப்பாணத்து யோகம் அக்கா ஒரு பாராசூட்டை மடித்துக்கொண்டிருக்கிறார். முதலாளியின் மகன் அதைக் கட்டிக்கொண்டு பின்னாலுள்ள உயரம் குறைந்த பாறையிலிருந்து குதிக்கப்போகிறானாம்.

நானும் பாராசூட்டில் குதிப்பவள். விரிவதைத் தாமதப்படுத்தும் சிறு துணி கயிறுகளிலேயே கிடக்கிறது. இந்த உயரத்துக்கு அதைக் கழற்றாவிட்டால், பாராசூட் விரியுமுன் தரை வந்துவிடும்.

"அக்கா, இதை ஏன் நீங்கள் மடிக்கிறியள்?"

"நான் படுக்கைவிரிப்பு வடிவாய் மடிக்கிறனாம். பிழைச்சால் என்னைத்தானே பிடிப்பினம், பிள்ளை?"

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் முதலாளி மகனிடம் அந்தத் துணியைக் காட்டி, தெரிந்த இத்தாலிய மொழியில், "உன் உயிரை ஏன் இவர் தலையில் கட்டுகிறாய்?" என்று கத்துகிறேன். அவன் சிரிக்கிறான்.

அக்கா எழுந்து, பாராசூட்டை அள்ளி அவன் மடியில் போடுகிறார். "நோ" என்கிறார்.

பொழுது சாயும்வரை அந்தப் பாறையிலிருந்து யாரும் குதிக்கவில்லை.