பாறைக்குச் சொல்லாத பெயர்

இது நடந்தது. என் கண் முன்னால், எங்கள் பாறையில் நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். எல்லாவற்றையும் எழுதுகிறேன். ஒரு பெயரை மட்டும் எழுத மாட்டேன்.

எங்கள் அண்ணன் ஜீப் கவிழ்ந்து இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. செத்தவர் பெயரை ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளான நாங்கள் உச்சரிப்பதில்லை. உச்சரித்தால் வந்துவிடுவார். அதே பெயரோடு உயிருள்ளவர் யாராவது இருந்தால், துக்கம் முடியும்வரை அவரையும் ‘குமன்ஜாயி’ என்றுதான் கூப்பிடுவோம். பெயர் சொல்லக் கூடாதவர்.

நோர்மா அக்காவின் ஒரே மகனுக்கு அண்ணன் பெயரைத்தான் வைத்திருந்தோம்.

அவனுக்கு இருபத்து மூன்று வயது. அடிலெய்டில் அவன் அப்பாவிடம் வளர்ந்தவன். எங்கள் ஓவியப் பாறையை அவன் பார்த்ததே இல்லை. மறுநாள் ஊருக்குத் திரும்ப வேண்டும். அதனால் அன்று மாலையே கிளம்பினோம். மூன்று பேர்.

“என்ன மாமா, வண்டி ஓட்டுறியா, ஒட்டகம் மேய்க்கிறியா?”

“டவுன்காரனுக்கு முதுகு நோவுதோ? இறங்கி நடடா.”

பள்ளத்தாக்கின் வாசலில் அக்கா நிறுத்தச் சொன்னாள். புதிய ஆள் வந்தால் பாறைக்குச் சொல்லாமல் யாரும் உள்ளே போக மாட்டோம். அக்குள் வியர்வையை எடுத்து மகன் நெற்றியில் தேய்த்தாள்.

“ஐயோ அம்மா, நாறுது!”

“நாறட்டும். பாறையில இருக்கிற நம்ம பெரியவங்களுக்கு என் வாடை தெரியும்.”

பிறகு பாறையைப் பார்த்து உரக்கக் கத்தினாள். “நோர்மா வந்திருக்கேன்! தம்பி லெஸ்டர் வந்திருக்கான்! இவன் என் புள்ள...”

நின்றாள். உதடு அசைந்தது. பெயர் வரவில்லை.

“...குமன்ஜாயி! அவனை ஒண்ணும் பண்ணிடாதீங்க!”

லெஸ்டர் என்பது எதிரொலித்தது. நோர்மா என்பது எதிரொலித்தது.

குமன்ஜாயி எதிரொலிக்கவில்லை.

நான் கவனித்தேன். காற்று என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே சுவர் முழுக்கக் கைகள். காவி ஊதிப் பதித்த கைகள். பெரியவை, சிறியவை, குழந்தைக் கைகள். அவன் அண்ணாந்து பார்த்தான். “இவ்ளோ பேரா...” என்றான். பிறகு, “அந்த மூலையையும் பாத்துட்டு வரேன்” என்று திரும்பினான்.

திரும்பி வரவில்லை.

ஆறு நாற்பதுக்கு வெயில் போனது. கத்தினோம். “குமன்ஜாயி! டேய்!”

‘டேய்’ திரும்பி வந்தது. பெயர் வரவில்லை. பாறைக்குள் விழுந்து செத்தது.

டொக்... டொக்... எங்கோ கல்லில் கல் தட்டும் சத்தம்.

அக்கா என் கையைப் பிடித்தாள். “லெஸ்டர், பெரியவங்களுக்கு அவன் யாருன்னே தெரியலடா. நான் சொல்லவே இல்லியே...”

“அக்கா, வேணாம். அண்ணனும் வந்துருவான்.”

“எம்புள்ளடா!”

கத்தினாள். உண்மைப் பெயரை.

பாறை அதைத் திருப்பிச் சொன்னது. ஒரு முறை. பத்து முறை. நிற்கவே இல்லை...

பிறகு அமைதி.

“அம்மா...”

இடது பக்கம், மிக அருகில்.

“அம்மா...”

உச்சியில், மிகத் தொலைவில்.

இரண்டும் அவன் குரல்தான்.

இடது பக்கத்திலிருந்து அவன் நடந்து வந்தான். முழங்காலில் புழுதி. ஒரு கீறல்கூட இல்லை. அக்கா பாய்ந்து கட்டிக்கொண்டாள்.

“போகாதீங்க! என்ன விட்டுட்டுப் போகாதீங்க!”

உச்சியிலிருந்து இன்னும் கேட்டது.

“திரும்பிப் பாக்காத. அது அண்ணன்” என்றேன்.

வண்டிக்கு ஓடினோம். கண்ணாடியை ஏற்றினோம். அக்கா தன் காதைப் பொத்திக்கொண்டாள். அவன் நடுவில் உட்கார்ந்திருந்தான். எதுவும் பேசவில்லை.

வீட்டிலும் பேசவில்லை. சுட்ட கங்காரு வாலைத் தொடவில்லை. சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டான். பயந்திருக்கிறான் என்று ஊருக்குப் போகவிடாமல் வைத்துக்கொண்டோம். அக்கா இரண்டு நாளும் பக்கத்திலேயே உட்கார்ந்து தலையைக் கோதிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் விடிந்தபோது மெத்தை காலி. கதவு உள்பக்கம் தாழிட்டபடி இருந்தது.

போலீசோடு பாறைக்குப் போனோம். உச்சிக்குக் கீழே ஒரு குறுகலான வெடிப்பில் கிடந்தான். கால் முறிந்திருந்தது. நெற்றியில் அக்காவின் வியர்வையோடு ஒட்டிய மண்.

டாக்டர் அக்காவிடம் சொல்லவில்லை. என்னைத் தனியே அழைத்துச் சொன்னார். அடியினால் சாகவில்லையாம். தண்ணீர் இல்லாமல் செத்திருக்கிறான். உயிர் போனது, மெத்தை காலியான அன்று விடியற்காலை.

கத்திக் கத்தித் தொண்டை கிழிந்திருந்ததாம்.