கறுத்துப்போன ஒரு டம்ளர் தண்ணீர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, குழித்துறையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு ஊரில் நடந்தது இது. பகல் பதினொரு மணி. முன்பின் தெரியாத ஒருவருடைய சமையலறையில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது நான் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்றுக்கொண்டிருந்தேன். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் கனத்த பை, முகத்தில் காலையிலேயே ஒட்டவைத்துக்கொண்ட சிரிப்பு. சூப்பர்வைசர் வேனில் கொண்டுவந்து ஒரு முக்கில் இறக்கிவிட்டால் சாயங்காலம்தான் திரும்ப வருவார். இடையில் நாய்கள், பூட்டிய கேட்டுகள், உள்ளே டிவி அலறிக்கொண்டிருக்கும்போதே "இஞ்ச ஆளில்ல" என்று வரும் குரல்கள். ஆளில்லாத வீட்டில் பேசுவது யார் என்று கேட்கவா முடியும்? பல்லைக் காட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தே வீட்டில் எத்தனை பேர் என்று கணிக்கிற அளவுக்குத் தேறியிருந்தேன்.

எங்கள் மாவட்டத்தில் இந்த மெஷினை விற்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதிலும் மேற்குப் பக்கம் வீட்டுக்கு வீடு கிணறு. அவரவர் கிணற்றுத் தண்ணீர்தான் உலகத்திலேயே ருசி என்று அடித்துப் பேசுவார்கள். அந்தப் பெருமையை உடைக்க எங்களிடம் ஒரு கருவி இருந்தது. இரண்டு ஜோடிக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டி. ஒரு டம்ளரில் அவர்கள் வீட்டுத் தண்ணீர், இன்னொன்றில் நாங்கள் பாட்டிலில் கொண்டுபோகும் மெஷின் தண்ணீர். கம்பிகளை முக்கி சுவிட்சைப் போட்டால், இரண்டே நிமிடத்தில் கிணற்றுத் தண்ணீர் பழுப்பாகி, கறுத்து, திட்டுத்திட்டாக அழுக்கு மிதக்கும். எங்கள் தண்ணீர் அப்படியே இருக்கும்.

உண்மையில் அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததே இல்லை. இரும்புக் கம்பி கரைந்து வருவது. தண்ணீரில் இயல்பாக இருக்கிற உப்புகளின் வழியாகக் கரண்ட் பாய்ந்தால் எவ்வளவு நல்ல தண்ணீரும் அப்படித்தான் ஆகும். மெஷின் தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லாததால் ஒன்றும் ஆகாது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதமே கூட வேலை பார்த்த ஒருத்தி இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். தெரிந்த பிறகும் காட்டினேன். விஷமா விற்கிறோம், நல்ல தண்ணீர்தானே, யாருக்கு என்ன கெடுதல் என்று நினைத்தேன்.

அன்று கதவைத் திறந்த அக்காவுக்கு ஐம்பது வயதுக்குள் இருக்கும். அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. நான் விஷயத்தைச் சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க கிணத்து வெள்ளத்துலயா அழுக்கு? காட்டு மக்கா, பாப்போம்."

காட்டினேன். தண்ணீர் கறுத்தது. இந்த இடத்தில் எல்லோரும் "அய்யோ" என்று வாயில் கையை வைப்பார்கள். நான் பையிலிருந்து விண்ணப்பத் தாளை எடுப்பேன். அந்த அக்காவோ டம்ளரைப் பார்த்தபடி சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்க வீட்டுக்காரரு கிட்னி போயி செத்தாரு. ஆறு மாசம் ஆச்சு."

மெல்ல மெல்லத்தான் சொன்னார். வளைகுடாவில் பல வருடம் வேலை பார்த்தவர், சிறுநீரகம் கெட்ட பிறகுதான் ஊருக்கு வந்திருக்கிறார். திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரி. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று டாக்டர் அளவு வைத்துவிட்டார். அந்தக் கொஞ்சத் தண்ணீரும் நம்ம வீட்டுக் கிணற்றுத் தண்ணீராக இருக்கட்டும் என்று அவர் ஆசைப்பட்டிருக்கிறார். இவர் தினமும் பாட்டிலில் நிறைத்து பஸ்ஸில் கொண்டு போயிருக்கிறார்.

"எனக்க கையாலயாக்கும் குடுத்தேன். அப்போ நானாக்கும் அவர கொன்னது, இல்லியா?"

விற்பனைப் பயிற்சியில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் படித்திருந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அப்போதும் முதலில் பொய்தான் வந்தது. இந்த மழைக்குத்தான் இப்படி ஆகியிருக்கும், முன்னால் நன்றாக இருந்திருக்கும் என்று உளறினேன். அவர் கிணற்றுப் பக்கம் திரும்பி, தன் தலையில் தானே அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"எனக்க மனசு ஆற சொல்லுத, இல்லியா?"

அடுக்களையில் உப்பு எங்கே என்று கேட்டேன். எங்கள் மெஷின் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கி, கம்பியை முக்கினேன். அதுவும் கறுத்தது. கிணற்றுத் தண்ணீரைவிடக் கேவலமாகக் கறுத்தது. அவர் குனிந்து அதை உற்றுப் பார்த்தார். பிறகு எழுந்து, குடத்திலிருந்து ஒரு செம்பு கிணற்றுத் தண்ணீரைச் சாய்த்து மடமடவென்று குடித்தார். குடித்து முடித்ததும்தான் அழுதார். அடுப்பில் மரச்சீனி அடிப்பிடித்துத் தீய்ந்த வாசனை வந்தது. நான்தான் போய் அணைத்தேன்.

திட்டுவார், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"இத எத்தன வீட்டுல காட்டிருக்க?"

பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, எந்த வீட்டுக்கும் போகாமல் வேன் வரும்வரை பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தேன். அன்றே வேலையை உதறிவிட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை, அடுத்த வேலை கிடைக்கும்வரை இரண்டு வாரம் போனேன். கம்பிப் பெட்டியை மட்டும் வெளியே எடுக்கவில்லை. ஒரு மெஷின்கூட விற்கவில்லை.

கதவைத் தட்டுகிற தைரியம், முகத்தில் அடித்த மாதிரிப் பேசினாலும் சிரிக்கிற பொறுமை, இதெல்லாம் அந்த வேலை கற்றுக்கொடுத்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த அக்கா வாய்விட்டுக் கேட்டதால்தானே உண்மையைச் சொன்னேன். கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, நோயில் போன தன் ஆளுக்கு எந்தத் தண்ணீரைக் கொடுத்தோம் என்று இன்றைக்கும் உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பவர் எத்தனை பேரோ, அவர்கள் வீடுகூட எனக்கு ஞாபகமில்லை.