மூன்றாவது மாடிக் கயிறு

வீடில்லாதவருக்கு வீடு கொடுப்பது என் வேலை. கொடுத்தபின் அந்தத் தெரு வழியாகப் போகத் தயங்குவதும் அந்த வேலையில் சேர்ந்ததுதான் என்பது அரசாங்க உத்தியோகம் பார்த்த யாருக்கும் தெரியாததல்ல.

கடைசியாகப் பார்த்தது

அந்தோணியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது, காசிமேட்டில் நாங்கள் கட்டிய அடுக்கு வீட்டின் மூன்றாவது மாடி வராந்தாவில். நாற்காலியில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். கீழே வந்து நிற்பவர்கள் வலையைக் கயிற்றில் கட்டிவிடுவார்கள். அவர் கைப்பிடிச் சுவரின் மேலாக இழுத்துக்கொள்வார். வேலை முடிந்ததும் அதே வழியாக இறக்குவார்.

என்னைக் கண்டதும் சிரித்தார். "வலைய மேல இஸ்துக்கிறேன் நைனா. என்னத்தான் எறக்க முடியல."

தார் நம்பர்

அதற்கு இரண்டு வருஷம் முன்பு அவரைக் குடிசையில் சந்தித்தேன். வீடு ஒதுக்குவதற்காகக் குடிசைகளுக்கு நம்பர் போட்டுக்கொண்டு வந்தோம். கீற்றில் தார் நிற்காது என்பதால் கதவுப் பலகையில் எழுதுவோம்.

விசைப்படகுக்கும் படகுத்துறைச் சுவருக்கும் நடுவில் சிக்கியதிலிருந்து அந்தோணிக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. கடலைப் பார்த்தபடி வாசலில் உட்கார்ந்து வலை பின்னுவார். போகிறவன் வருகிறவன் எல்லாம் அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவான். கதவில் நான் எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டுக்கு சூடு போடுற மாதிரி போட்டுட்டியே நைனா. ஓடவா போறேன்?"

மீன் பொறுக்கும் கை

எந்த வீடு யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தோம். அந்தோணிக்காக அவர் மனைவி பிலோமினா எடுத்தாள். தலையில் கூடை வைத்து மீன் விற்கிறவள். மூன்றாவது மாடி விழுந்தது. "மீன் பொறுக்குற கை, நல்லதா பாத்து எடுக்கும்னு நெனச்சேனே," என்று தன் கையையே பார்த்தாள்.

கீழ் வீடு விழுந்த காபிரியேல், "அண்ணன் கீழ இருக்கட்டும், நான் மேல போறேன்," என்று தானாகவே முன்வந்தான். அரசாங்க விதி இடம் கொடுக்கவில்லை. நான் மேலதிகாரியிடம் போய் நின்றேன். அவர் கெட்டவர் அல்ல. முன்பொருமுறை இரக்கப்பட்டு மாட்டிக்கொண்டவர்.

"இவனுக்குக் கீழ் வீடு கொடுத்தா, நாளைக்கு மொத்தக் குப்பமும் நொண்டிக்கிட்டு வந்து நிக்கும்யா."

படித் திருப்பம்

அந்தோணி இறந்த சேதி கேட்டுப் போனேன். காலிச் சவப்பெட்டியை நிமிர்த்திப் பிடித்து மூன்று மாடியும் ஏற்றியிருந்தார்கள். ஜெபம் முடிந்து ஆணியும் அடித்தாயிற்று. தூக்கி வந்தபோதுதான் தெரிந்தது, படி திரும்புகிற இடத்தில் படுத்த பெட்டி திரும்பாது.

நிமிர்த்தி இறக்கலாம் என்றார் ஒருவர். பிலோமினா பெட்டியின் மேல் கை வைத்தாள். "நிக்க வெக்காதீங்க. நிக்க முடியாத மனுசன்."

அடித்த ஆணியைப் பிடுங்க யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் காபிரியேல் படகு இழுக்கும் கயிறு கொண்டுவந்தான். வலை இறங்கிய அதே இடத்தில், கைப்பிடிச் சுவரின் மேலாக, பெட்டியைப் படுத்தவாக்கில் இறக்கினார்கள். படகு இழுக்கும்போது போடுகிற சத்தம் யாரும் போடவில்லை. கயிறு சுவரில் உராய்கிற ஓசை மட்டும் கேட்டது.

பெட்டி மண்ணைத் தொட்டதும் பிலோமினா என்னிடம் வந்தாள். "கீழ் வூடு கேட்டுகினே இருந்தாரு நைனா. வந்துட்டாரு."

சோறு போட்டவள்

நான் அதிகம் படித்தவனல்ல. கட்டட வரைபடம் பார்க்க நானாகக் கற்றுக்கொண்டேன். அன்று வீட்டுக்கு வந்து, படியின் அகலம் எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்று என் மனைவிக்கு விளக்கினேன். இப்போது அவளும் உயிரோடு இல்லை. அன்று சோறு போட்டுக்கொண்டே அவள் கேட்டாள்.

"பிளான் போட்டவங்க வீட்ல யாரும் சாகறதே இல்லையா?"

அதற்கப்புறம் கட்டிய கட்டடங்களில் படித் திருப்பத்தை மட்டும் அகலமாக்கினார்கள். காசிமேட்டில் எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தும் மூன்றாவது மாடிச் சுவரில் கயிறு அறுத்த பள்ளம் அப்படியே இருக்கிறது.