எங்கள் வீட்டு அழுகுணி

கோலா சிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் எங்கள் அக்கா மூத்த பிள்ளையாகப் பிறந்தார். பிறந்தபோது அவர் போட்ட சத்தம், தொழிலாளர் குடியிருந்த லயங்கள் எனும் வரிசை வீடுகளில் கடைசி லயம் வரை கேட்டதாம். நடை பழகுமுன்பே தோட்டத்தார் அவருக்கு வைத்துவிட்ட பெயர் ‘அழுகுணி’.

எதற்கெடுத்தாலும் அழும் பிள்ளையைக் கேலி செய்யும் சொல் அது. அக்காவுக்கு விம்மத் தெரியாது. யார் வீட்டுப் பெண் கல்யாணமாகிப் போனாலும் வாய்விட்டுத்தான் அழுவார்.

அப்பா காலமானதும் அக்கா படிப்பை நிறுத்திவிட்டு, உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கும் வேலைக்குப் போனார். எனக்கும் தங்கைக்கும் சோறு போட்ட கை அது.

அந்நாளில் அடுத்த வீட்டு ராசம்மாவின் கணவர் லோரி விபத்தில் இறந்தார். ராசம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. சோறு இறங்கவில்லை, கைக்குழந்தை பாலுக்குக் கத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியவர்கள் கெஞ்சி ஓய்ந்தார்கள். வேலை முடிந்து வந்த அக்கா, சேற்றுக் காலோடு ராசம்மாவின் எதிரில் உட்கார்ந்து ஓவென்று கதறினார்.

“நீ ஏன்டி அழுவுற? செத்தது என் புருஷன்!”

அத்தனை நாளில் ராசம்மா பேசிய முதல் பேச்சு அது.

“எனக்கும் மாமாதானே? ‘போயிட்டு வரேன் புள்ள’ன்னு சொல்லிட்டுத்தானே லோரி எடுத்தாரு. வரலையே!”

ராசம்மா அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினார். பிறகு அதே தோளில் விழுந்து அழுதார். அன்று மாலை கஞ்சி குடித்துவிட்டு, குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு சாவு வீடுகளில் “அழுகுணியக் கூட்டியா லா” என்று ஆள் அனுப்புவார்கள். சொல் அதேதான்; சொல்லும் குரலில் கேலி இல்லை. லயங்கள் உடைக்கப்பட்டு நாங்கள் ரவாங்கிற்குக் குடிவந்த பின், கதவைச் சாத்திக்கொண்டு அழும் வீடுகளுக்கும் அக்கா தட்டி உள்ளே போனார்.

நோயில் படுத்தபோது மட்டும் அக்கா அழவில்லை.

“வலிச்சா சத்தமா அழுதுடுக்கா,” என்றேன்.

“நான் அழுதா நீ என்னைச் சமாதானப்படுத்திக்கிட்டே இருப்ப. நீ அழுடா தம்பி. நான் இருக்கேன்ல.”

அழுதேன். என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அக்கா மறைந்து ஓராண்டாகிறது. மாறி மாறிச் சமைத்துக் கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், மருத்துவமனைக்குக் காரோட்டிய மைத்துனருக்கும், பாசிர் பெனம்பாங்கிலிருந்து மீன் கொண்டுவந்து கொடுத்த நண்பருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவை வழியனுப்பிய அன்று எங்கள் வீட்டில் கூச்சப்படாமல் வாய்விட்டு அழுதவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. அக்கா இருந்திருந்தால் உங்கள் பக்கத்தில்தான் வந்து உட்கார்ந்திருப்பார்.