தையல் எண்ணெய் போட்ட துப்பாக்கி

புதியம்புத்தூரில் நான் வேலை பார்க்கும் தையல் யூனிட்டில் இன்று காலை மிஷின்களுக்கு எண்ணெய் போட்டார்கள். அந்த வாசனை வந்தால் எனக்கு அப்பாவின் துப்பாக்கி ஞாபகம் வரும்.

மக்காச்சோளத்தை அழிக்கும் காட்டுப்பன்றிகளை வெடிச்சத்தத்தால் விரட்ட, லைசென்ஸ் எடுத்து, எட்டயபுரத்துப் பக்கம் ஒருவரிடம் அப்பா அதைப் பழசாக வாங்கினார். ஒரு தோட்டா மட்டுமே போடக்கூடிய ஒற்றைக்குழல். விரிசல் விட்ட கட்டையில் செம்புக்கம்பி சுற்றியிருந்தது. "பிள்ளைக இருக்க வீட்டுல இது எதுக்கு?" என்று அம்மா கொஞ்ச நாள் அவரோடு பேசவில்லை. ஆனால் துருப்பிடித்தால் ஆபத்து என்று கேள்விப்பட்டதும் தன் தையல் மிஷின் எண்ணெயை அவளே எடுத்துக் கொடுத்தாள்.

ஒரு தேர்தல் சமயத்தில், விதிப்படி போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்திருந்த துப்பாக்கி வீட்டுக்குத் திரும்பிய அன்று சாயங்காலமே, புஞ்சையில் பன்றி இறங்கிவிட்டதாக ஓர் ஆள் வந்து சொன்னார். அப்பா தோட்டாவை எடுத்தார்.

"இரிங்க. இத்தன நாளு எண்ணெ காணாம கெடந்தத தொடைக்காம எங்க கெளம்புதீங்க?" என்றாள் அம்மா.

"வந்து தொடைக்கேன்."

அம்மா விடவில்லை. துணி சுற்றிய கம்பியைக் குழலுக்குள் விட்டாள். அது பாதியில் நின்றது. அழுத்திக் குத்தியதும் காய்ந்த மண் கட்டி கட்டியாகத் தரையில் விழுந்தது. உள்ளே குளவி கூடு கட்டியிருந்தது.

"சுட்டிருந்தா குழலு வெடிச்சு மொகத்துலல்லா அடிச்சிருக்கும்" என்ற அப்பா, அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அன்று பன்றிகளை யாரும் விரட்டவில்லை. மறுநாள் காலை புஞ்சைக்குப் போய்வந்தவர், பாதி மக்காச்சோளம் போய்விட்டது என்றார்.

"தின்னுட்டுப் போவட்டும்" என்றாள் அம்மா, அவருக்குக் காப்பியை ஆற்றியபடி.