ஐயப்பன்தாங்கல் கீபோர்டு

கொரட்டூரில் எங்கள் வீட்டுக் கட்டில்களுக்கு அடியில் கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஒன்றுகூட ஒழுங்காக ஓடாது. யாரோ எந்தக் காலத்திலோ வாங்கி, தேயத் தேய ஓட்டி, போதும் என்று தூக்கிப் போட்டவை. எல்லாம் சித்தியின் சொத்து. சித்தி அம்மாவுக்குத் தங்கை. பெற்றவர்கள் இருவரும் போன பிறகு எங்களோடு வந்து தங்கியிருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஐ.டி. கம்பெனியில் வேலை. வாரம் முழுக்கப் புதுக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிவிட்டு, லீவு நாளில் செத்த கம்ப்யூட்டரைத் தேடிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. "அவளவ நகை சேக்குறா, பட்டுப்புடவை சேக்குறா. இவ குப்பை சேக்குறா" என்று பெருக்கும்போதெல்லாம் துடைப்பத்தால் ஒரு கம்ப்யூட்டரையாவது இடிப்பாள். தங்கைக்கு வயது ஏறிக்கொண்டே போகிறது, வரன் எதுவும் அமையவில்லை என்ற கவலைதான் அந்தத் துடைப்பத்தில் இருந்தது. எனக்கு அது தெரியாது. நான் நாலாம் வகுப்பு. துடைப்பம் இடித்தால் எனக்குக் கோபம் வரும். நான் சித்தி கட்சி.

மண்ணூர்பேட்டையில் ஒரு காயலான் கடைக்கு நாங்கள் வாடிக்கை. எஸ்டேட்டில் எந்தக் கம்பெனி மூடினாலும், எந்த ஆபீஸ் புதுசு வாங்கினாலும், பழையது அங்கே வந்து எடை போட்டு இறங்கும். அப்படி இறங்கியதில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டி கிடைத்தது. திரை தனி, பெட்டி தனி என்றில்லாமல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. முன்னால் சின்னத் திரை, கரும்பச்சைக் கண்ணாடி. சித்தி அதைப் பார்த்த பார்வையில் நான் கடைக்காரர் காதில் விழாமல், "சித்தி, ரொம்ப சிரிக்காத, விலை ஏத்திடுவாரு" என்று இடுப்பில் இடித்தேன்.

"இதோட கீபோர்டு எங்கண்ணே?" என்று கேட்டாள்.

"அதுவா? நேத்து ஒரு சார் வந்தாரு மா. பெட்டி வாணாம், தட்டுறது மட்டும் போதும்னு தூக்கிகினு பூட்டாரு. இன்னா ஆளுங்களோ போ. நீ இன்னாடான்னா தலைய கேக்குற, அவரு கைய கேக்குறாரு."

வீட்டுக்குக் கொண்டுவந்து, துடைத்து, உள்ளே ஊதி, என்னென்னவோ மாற்றி மாட்டி மின்சாரம் கொடுத்தாள். ஒரு சத்தம் போட்டுவிட்டு அது உயிர் பெற்றது. பச்சை எழுத்தில் ஒரே ஒரு வரி: ஏதாவது ஒரு விசையை அழுத்து என்று ஆங்கிலத்தில். அழுத்துவதற்குத்தான் விசை இல்லை. அந்தப் பெட்டியைச் செய்த கம்பெனி எப்போதோ காணாமல் போய்விட்டது. அதே கம்பெனியின் கீபோர்டைத் தவிர வேறு எதையும் அது ஏற்றுக்கொள்ளாது. பெட்டி கேட்டுக்கொண்டே இருந்தது, நாங்கள் பார்த்துக்கொண்டே இருந்தோம்.

சித்தியும் அவளைப் போன்ற பிற பைத்தியங்களும் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருந்தார்கள். யாருக்கு எந்தக் காயலான் கடையில் எது சிக்கினாலும் போட்டோ எடுத்து அதில் போட வேண்டும். மற்றவர்கள் வயிறு எரிய வேண்டும். அதுதான் குழுவின் நோக்கம். சித்தி 'இன்றைய வரவு' என்று பெட்டியின் போட்டோவைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் 'நேற்றைய வரவு' என்று ஒரு கீபோர்டைப் போட்டார். அதே நிறம், அதே முத்திரை. ஐயப்பன்தாங்கலில் பஸ் டெப்போவுக்குப் பின்னால் வீடு. அவர் கீபோர்டு மட்டும்தான் சேர்ப்பாராம். கொடுக்க முடியாது, வேண்டுமானால் வந்து பார்க்கலாம் என்று எழுதியிருந்தார்.

"யாரோ எவரோ, வீட்டுக்கெல்லாம் தனியா போகாத. இவளையும் கூட்டிக்கிட்டுப் போ" என்றாள் அம்மா. நான் காவலுக்குப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது. சாமான் தூக்குவதற்குத்தான் என்று நினைத்து, பெருமையாகச் சித்தியின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டேன்.

மதுரவாயல், போரூர் என்று சுற்றிக்கொண்டு போனோம். கீபோர்டு அங்கிள் (அப்போது நான் அப்படித்தான் கூப்பிட்டேன்) ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, எதைக் கேட்டாலும் யோசித்துப் பதில் சொல்கிறவராக இருந்தார். அவரும் அவர் அம்மாவும் மட்டும்தான் வீட்டில். முன்னறைச் சுவர் முழுக்க கீபோர்டுகள், சாமி படம் மாட்டுவது போல ஆணியில் மாட்டியிருந்தன. எங்களுடையது ஜன்னல் பக்கத்தில் தொங்கியது. எங்களுடையது என்றுதான் நான் மனதில் எழுதிவைத்திருந்தேன்.

சித்தி பேரம் பேசினாள். "நான் ஒரு பழைய பிளாப்பி டிரைவ் தரேன் சார்."

"பிளாப்பி வெச்சு நான் என்ன மேடம் பண்ணப்போறேன்? வேற ஏதாவது இருந்தா அடுத்த வாரம் எடுத்துட்டு வாங்க, பாக்கலாம்."

அடுத்த வாரம் வேறு எதையோ எடுத்துக்கொண்டு போனோம். அது அவரிடம் ஏற்கெனவே இருந்தது. அதற்கடுத்த வாரம் கொண்டுபோனதில் ஒரு விசை உடைந்திருந்தது. பேரம் என்னவோ உடனே முடிந்துவிடும். அப்புறம் அவர் அம்மா காபி கொண்டுவருவார், எனக்கு ஹார்லிக்ஸ். பிறகு ஆபீஸ் கதை, மேனேஜர் கதை, சின்ன வயதில் அப்பாவை இழந்த கதை என்று பேச்சு எங்கெங்கோ போகும். நான் சுவரில் கீபோர்டுகளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காரியத்தை விட்டுவிட்டு இந்தச் சித்தி ஏன் ஊர்க்கதை பேசுகிறாள் என்று எரிச்சலாக இருக்கும். காயலான் கடைக்குச் சாயம்போன சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறவள், அதே அளவு தூசி இருந்த அந்த வீட்டுக்கு மட்டும் சுடிதாரை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்புவாள். அதையும் நான் பார்த்தேன். பேரத்துக்குப் போகும்போது மதிப்பாகத் தெரிய வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி பிறந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். வேலூரிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. தீபாவளி கழித்துப் பெண் பார்க்க வருவார்களாம்.

"அந்தக் கீபோர்டு விவகாரத்த சீக்கிரம் முடி. அது கிடைச்சதும் இந்த ஞாயித்துக்கிழமை ஊர் சுத்துறதெல்லாம் நிறுத்திடணும். சொல்லிட்டேன்."

"அவர் இன்னும் ஒத்துக்கலக்கா" என்றாள் சித்தி.

"ஒத்துக்கலன்னா விட்டுத் தொலை."

"கொஞ்சம் டைம் குடுக்கா."

அன்றிலிருந்து சித்தி சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருப்பாள். பச்சைத் திரையைப் போட்டுவிட்டு, அது கேட்பதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எனக்கு மனசே கேட்கவில்லை. ஒரு பாழாய்ப்போன கீபோர்டுக்காக என் சித்தி இப்படி வாடுகிறாள். தீபாவளிக்குள் கிடைக்காவிட்டால் அம்மா போகவும் விடமாட்டாள். அந்த ஆளோ பிடிகொடுப்பதாக இல்லை. சித்திக்கு அழுத்திக் கேட்கத் தெரியவில்லை. சரி, இனி நாம்தான் இறங்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அந்த வாரம் அங்கிள் பழுத்துப்போன கீபோர்டு மூடி ஒன்றை ஏதோ மருந்து தடவி வெயிலில் வைத்திருந்தார். மஞ்சள் போய் வெள்ளை திரும்புகிறதாம். அதைப் பார்க்க இருவரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். பார்த்து முடிக்கிற பாடாக இல்லை. நான் சமையலறைக்குப் போய் அவர் அம்மாவிடம் நேராகவே கேட்டேன். சித்தி சாப்பிடுவதில்லை என்றும், அந்த ஜன்னலோரக் கீபோர்டு கிடைத்தால்தான் சாப்பிடுவாள் என்றும் சொன்னேன்.

"இதுக்கா வாராவாரம் அம்புட்டுத் தூரத்துல இருந்து வரீங்க?" என்று அவர் அசந்துபோனார். "ஆணியில ஒண்ணாவது குறையட்டும். எடுத்துக்கிட்டுப் போ கண்ணு. அவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

ஒரு துணிக்கடைக் கட்டைப்பையில் அவரே கீபோர்டை நிறுத்தி வைத்து, மேலே கொல்லை மரத்து முருங்கைக்காயை நிறையச் சொருகிக் கொடுத்தார். வழியில் சித்தி என்னவென்று கேட்டபோது முருங்கைக்காய் என்றேன். சந்தோஷத்தில் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவையும் கூப்பிட்டு நிறுத்திவைத்துக்கொண்டு, பையிலிருந்து கீபோர்டை உருவினேன்.

"அப்பாடா! விட்டுது சனி" என்றாள் அம்மா.

சித்தி பையிலிருந்த முருங்கைக்காயை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். நானே வயரைச் சொருகினேன். ஒரு விசையை அழுத்தினேன். அத்தனை நாள் நின்றிருந்த பச்சை வரி மறைந்து, திரை மளமளவென்று நிரம்பியது. நான் குதித்தேன். என் பெயரை அடித்துக் காட்டினேன். சித்தி, "நல்லா இருக்கு குட்டி" என்று என் தலையைத் தடவிவிட்டு பாத்ரூமுக்குள் போய்விட்டாள். உள்ளே குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. சோப்பு பட்டுவிட்டது என்றாள். அம்மா அவளையே பார்த்தாள்.

அந்த வாரம் முழுக்க சித்தி பெட்டிப் பக்கமே போகவில்லை. நான்தான் அதில் கூட்டல் கணக்குப் போட்டேன். சனிக்கிழமை அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது சித்தி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, அந்தக் கீபோர்டுல ஸ்பேஸ் பார் வேலை செய்யலக்கா. அவர்கிட்டயே திருப்பிக் குடுத்துடலாம்னு பாக்குறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வேலை செய்யுது சித்தி!" என்று ஓடிப்போய் அழுத்தினேன். திரையில் மினுக்கிக்கொண்டிருந்த பச்சைக் கட்டம் நகர்ந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடி நகர்ந்தது. "பாரும்மா, நல்லாத்தானே இருக்கு! பாரு!"

அம்மா கத்தியை வைத்துவிட்டு வந்து திரையைப் பார்த்தாள். என் விரலைப் பார்த்தாள். பிறகு சித்தியின் முகத்தைப் பார்த்தாள். அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாள். அம்மா அதுவரை ஒரு கம்ப்யூட்டரையும் துடைப்பத்தால் அல்லாமல் தொட்டதில்லை.

"ஆமா. வேலை செய்யலதான்" என்றாள் அம்மா. "ரிப்பேர் ஆனத வெச்சுக்கிட்டு என்ன பண்றது? நாளைக்குக் குடுத்துட்டு வந்துடு."

நான் வாயைத் திறந்தேன். "நீ வாய மூடு" என்றாள்.

மறுநாள் காலையில் அந்தக் கட்டைப்பையில் கீபோர்டை வைத்துவிட்டு அம்மா இன்னும் எதையெதையோ வைத்தாள். பையை வெறுமனே திருப்பக்கூடாது என்பது எனக்கும் தெரியும். ஒரு சீப்பு வாழைப்பழம் சரி. வெற்றிலை பாக்கு எதற்கு? ரிப்பேர் ஆன கீபோர்டைத் திருப்பிக் கொடுக்கும்போது யாராவது வெற்றிலை பாக்கு வைப்பார்களா? "அந்தம்மாவ ஒருநாள் இங்க வரச்சொன்னேன்னு சொல்லு" என்று சித்தியிடம் சொல்லிவிட்டு, அம்மா வேலூருக்குப் போன் போட்டாள். இப்போதைக்குத் தோதுப்படாது என்று சொல்லிக்கொண்டிருந்தது படியிறங்கும்போது காதில் விழுந்தது.

ஐயப்பன்தாங்கலில் அங்கிள் கீபோர்டை மடியில் வைத்துக்கொண்டார். ஜன்னல் பக்கத்து ஆணி காலியாகவே இருந்தது. ஒரு வாரத்தில் அவரும் இளைத்த மாதிரி இருந்தார். "ஸ்பேஸ் பார் வேலை செய்யல சார்" என்றாள் சித்தி, தரையைப் பார்த்துக்கொண்டு. அவர் ஸ்பேஸ் பாரை அழுத்தினார். டக்கென்று இறங்கி டக்கென்று ஏறியது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று நான் அவரையே பார்த்தேன்.

"ஆமா மேடம்" என்றார். "அடியில பிடிக்குது. சரி பண்ண ரொம்ப நாள் ஆகும்."

அவர் அம்மா பையிலிருந்து வெற்றிலை பாக்கை எடுத்து, ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்துவிட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமி அலமாரிக்குக் கொண்டுபோனார். எனக்கு ஹார்லிக்ஸில் அன்று சர்க்கரை ரொம்பத் தூக்கலாக இருந்தது.

திரும்பும்போது நான் சித்தியோடு பேசவில்லை. இத்தனை பெரியவர்கள் இருந்து என்ன, ஒருவருக்கும் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. எவ்வளவு பாடுபட்டு வாங்கிக் கொடுத்தேன்! கையில் கிடைத்ததைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, சித்தி வெறுங்கையோடு வருகிறாள். கோபம் போய் எனக்கு அவள்மேல் பாவமாகிவிட்டது. தான் தோற்றுப்போனதுகூடத் தெரியாமல், மதுரவாயல் வரைக்கும் பாடிக்கொண்டே வண்டி ஓட்டினாள்.