பன்னிரண்டின் கீழ் மூன்று

யாழ்ப்பாணத்துக் கரவெட்டிப் பெண் அருந்ததி 1988இல் மானிப்பாயில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் கொம்பியூட்டர் வேலைக்குச் சேர்ந்தாள். மாணவரின் பெயரையும் விலாசத்தையும் கொடுத்தால் அனுமதிக் கடிதத்தைத் தானே அச்சடிக்கும் புரோகிராம் ஒன்றை அங்கே எழுதினாள்.

ஒருநாள் காலை, புகையிலைத் தோட்டம் செய்யும் நாகலிங்கம் ஒரு கடிதக் கட்டோடு வந்தார்.

"பிள்ளை, எங்கடை வீட்டிலை படிக்கிற ஆக்கள் ஒருத்தருமில்லை. ஒழுங்கைக்குள்ளை இருக்கிற எல்லாரின்ரை கடிதமும் எனக்குத்தான் வருது. தபால்காரரும் ஊருக்குப் புதுசு."

உறைகளில் எல்லாம் நாகலிங்கத்தின் வீட்டு இலக்கமான 12 என்றே இருந்தது. மேலே கிடந்த கடிதத்துக்குரிய விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தாள்; அதில் விலாசம் 12/3. வீட்டு இலக்கத்தை அருந்ததி எண்ணாக வைத்திருந்ததால், இயந்திரம் சாய்கோட்டோடு வாசிப்பதை நிறுத்தி மிச்சத்தை விட்டுவிட்டது. பிழையென்று ஒரு சொல்லும் காட்டவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

உடனே புரோகிராமில் வீட்டு இலக்கத்தை எழுத்தாக மாற்றினாள். எண் வரவேண்டிய மற்ற இடங்களில் வேறேதும் வந்தால் நின்று கேட்கும்படியும் செய்தாள். நிலையத்தை நடத்திய சண்முகநாதன் எட்டிப் பார்த்தார்.

"இலக்கத்தைப் போய் ஏன் எழுத்தெண்டு சொல்லுறீர்?"

"வீட்டு இலக்கத்தை நாங்கள் கூட்டிக் கழிக்கிறேல்லை, சேர்."

பின்னேரம் சைக்கிளில் போய்க் கடிதங்களைத் தானே கொடுத்தாள். ஒழுங்கைச் சந்துக்குள் 12/3இல் இருந்த குணலட்சுமி, கடிதம் வராததால் இடம் கிடைக்கவில்லையென்று எண்ணித் தையல் வகுப்பில் சேர்ந்திருந்தாள்.

"இனி வந்தாலும் எடுப்பினமோ, அக்கா?"

"ஓம், நாளைக்கே வாரும்."

1990இல் மறுபடி போர் மூண்டு மின்சாரம் நின்றதும் கொம்பியூட்டரைத் துணியால் மூடிவிட்டார்கள். அருந்ததி தட்டச்சு வேலைக்கு மாறினாள். குணலட்சுமி அந்த வருடம் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டாள்.